நடுவரா, அண்ணாவியாரா? மேசை வேடவாட்டத்தை நடத்துவோர் குறித்துக் கூத்து மரபு வழி ஒரு திறனாய்வு

முன்னுரை

மேசை வேடவாட்டம் எனத் தமிழில் சுட்டத்தக்க டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் அச்சு வடிவம் பெற்றது. நால்வரோ ஐவரோ ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரை ஏற்று, அம்மாந்தர் செய்வதையும் பேசுவதையும் தம் வாயால் சொல்கின்றனர். வெல்வதும் தோற்பதும் ஐயத்துக்குரியதாக இருக்கும் இடங்களில் பகடை முடிவு சொல்கிறது. மேடையும் ஒப்பனையும் பார்வையாளரும் இதற்கு வேண்டுவதில்லை. அவர்களுள் ஒருவர் மட்டும் தனக்கென ஒரு மாந்தரை ஏற்பதில்லை. அவர் உலகை விவரிக்கிறார், எதிர்ப்படும் ஏனைய மாந்தர் அனைவருக்காகவும் பேசுகிறார், விதிகளைக் காக்கிறார். ஆங்கில வழக்கில் கேம் மாஸ்டர் எனப்படும் இவரே, எந்த ஆட்டத்தை எடுப்பது என்பதையும் பெரும்பாலும் தேர்கிறார்.

இந்த நடத்துநரைத் தமிழில் எப்பெயரால் அழைப்பது என்ற வினா சொல்லாக்கம் பற்றியது மட்டுமன்று. பெயர் அதிகாரத்தின் எல்லையையும் வரையறுக்கிறது. ‘நடுவர்’ என்னும் நேர்ப்பெயர்ப்பு அவர் பணியில் ஒரு கூற்றை மட்டுமே காட்டுகிறது என்பதும், தமிழ்க் கூத்து மரபில் ஆட்டத்தை நடத்துவதற்கு மூன்று வேறுபட்ட முறைகள் உள்ளன என்பதும், அவற்றை அளவுகோலாகக் கொள்ளும்போது மேசை வேடவாட்டத்தின் வலிமையும் குறையும் தெளிவாகின்றன என்பதும் இக்கட்டுரையின் கருத்துகள். யாங்கோன் நகரின் தாகேதா போன்ற, தமிழ் வீட்டுமொழியாகச் சுருங்கும் நிலையிலுள்ள ஓரிடத்தை முன்வைத்து இறுதிப் பகுதி இவற்றைச் சோதிக்கிறது.

1. நடுவர் என்னும் பெயரின் வரலாறு

நடுவர் என்ற கருத்து போர்ப்பயிற்சியிலிருந்து வந்தது. 1824இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட கிரீக்ஸ்ஷ்பீல் என்னும் போராட்டத்தில், இருதரப்பாரும் தம் கட்டளைகளை ஒரு நடுவரிடம் தருவர். அவர் பகடையையும் அட்டவணையையும் கொண்டு விளைவைக் கணிப்பார். விதிகள் மிகுந்து ஆட்டம் தளர்ந்தபோது, 1876இல் வெர்டி டு வெர்னுவா அட்டவணைகளைக் குறைத்து, நடுவரின் பட்டறிவுக்கே தீர்ப்பை விட்டார். விதியா, நடத்துபவரின் மதிப்பீடா என்ற பூசல் இவ்வாறு 19ஆம் நூற்றாண்டிலேயே எழுந்துவிட்டது.

1969இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி, பிரவுன்ஸ்டைன் என்னும் கற்பனை நகரை வைத்து ஒரு நெப்போலியன் காலப் போராட்டத்தை நடத்தினார். படைத்தலைவர்களோடு நகர்வாசிகள் சிலரின் பாத்திரங்களையும் ஆட்டக்காரருக்குப் பகிர்ந்தளித்தார். ஆடியவர்கள் படை நகர்த்தலை விடுத்துத் தம்முள் பேசவும் சூழ்ச்சி செய்யவும் தொடங்கினர். ஆட்டம் குலைந்துவிட்டது என்று வெஸ்லி கருதினார்; ஆடியவர்களோ மீண்டும் ஆட விரும்பினர். அக்குழுவைச் சேர்ந்த டேவ் ஆர்னிசன் இம்முறையைத் தம் பிளாக்மூர் ஆட்டத்தில் வளர்த்தார். அவரும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் மூன்று சிறு நூல்கள் அடங்கிய பெட்டியாக, முதல் அச்சில் 1,000 படிகளாக வெளிவந்தது. அந்நூல்கள் நடத்துபவரை நடுவர் என்றே குறித்தன.

பின்வந்த ஆட்டங்கள் பெயரை மாற்றின. 1981இல் வெளியான கால் ஆஃப் கதுல்ஹு அவரைக் காப்பாளர் என்றது. 1991இல் வெளியான வாம்பயர்: தி மாஸ்கரேட் கதைசொல்லி என்றது. 2009இல் வெளியான ஃபியாஸ்கோ நடத்துபவரே தேவையில்லை என்று அப்பதவியை நீக்கியது. ஒவ்வொரு பெயர் மாற்றமும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு ஒரு புதிய விடை. தீர்ப்பளிப்பவர், மறைபொருளைக் காப்பவர், கதை சொல்பவர் ஆகிய மூவரும் ஒருவரல்லர். இவர்களை எல்லாம் நடுவர் என்னும் ஒரே சொல்லால் குறித்தால் அவ்வேறுபாடு மறைந்துபோகிறது.

ஆசிரியர் என்ற சொல்லும் இங்கு உதவாது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடலாசிரியன், இசையாசிரியன் முதலியோரின் இலக்கணத்தை வகுக்கிறது. அங்கு அச்சொல் கற்பிப்பவனைக் குறிக்கிறது. இன்றைய வழக்கில் அது நூலை இயற்றியவரையும் குறிக்கிறது. மேசை வேடவாட்டத்தை நடத்துபவர் முதற்பொருளில் ஆசிரியராகலாம். இரண்டாம் பொருளில் ஆகிவிட்டால் ஆட்டம் கெடுகிறது. முடிவை முன்னரே எழுதி வைத்துக்கொண்டு ஆட்டக்காரரை அதை நோக்கி ஓட்டிச் செல்பவர், ஆட்டத்தின் பெயரால் ஒரு கதையைப் படித்துக் காட்டுகிறார்.

2. அண்ணாவியார்: தேர்ந்தெடுக்கும் அதிகாரம்

மட்டக்களப்புக் கூத்தில் அண்ணாவியாரின் பணி களரி ஏறுவதற்குப் பல திங்கள் முன்பே தொடங்குகிறது. ஊரவர் எந்தக் கூத்தை ஆடுவது, வடமோடியா தென்மோடியா என்று அவருடன் கலந்து முடிவு செய்கின்றனர். பின் சட்டம் கொடுத்தல் என்னும் நிகழ்வில் யார் எந்தப் பாத்திரத்தை ஆடுவது என்பது உறுதியாகிறது. குரல், உடல்வாகு, தாளக்கட்டு, நினைவாற்றல் ஆகியவற்றை அண்ணாவியார் எடைபோடுகிறார். பாட்டும் ஆட்டமும் பழக்குதல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் என்று பணி தொடர்கிறது. அரங்கேற்ற நாளில் மத்தளத்துடன் களரியில் நின்று ஆட்டத்தைக் கொண்டுசெலுத்துபவரும் அவரே.

தேர்வு என்பது ஆட்டத்துக்கு முந்திய சில்லறை வேலை அன்று, அதுவே நடத்துதலின் முதற்பாதி என்பதை இம்மரபு நன்கு உணர்ந்திருந்தது. ஊரில் நல்ல தருமர் இல்லாதபோது தருமருக்கு முதன்மையுள்ள கூத்தை அண்ணாவியார் எடுப்பதில்லை. மேசை வேடவாட்ட நடத்துநருள் பலர் தமக்குப் பிடித்த விதிநூலை முதலில் வாங்கி, பிறகு அதற்கு ஆள் தேடுகின்றனர். அண்ணாவியாரின் வரிசை இதற்கு நேர்மாறானது. ஆட்களை அறிந்த பின்னரே அவர் ஆட்டத்தைத் தேர்கிறார்.

எனினும் இம்மரபின் குறையை மறைத்தல் நேர்மையாகாது. பாத்திரப் பகிர்வில் குடும்ப மதிப்பும் சாதிநிலையும் குறுக்கிட்டன. அரச பாத்திரம் யாருக்கு என்பது பல ஊர்களில் கலைத்தகுதியை மட்டும் பொறுத்ததாக இருக்கவில்லை. பெண்கள் நெடுங்காலம் களரிக்கு வெளியே நின்றனர். பெண் பாத்திரங்களை ஆண்களே ஆடினர். 1974இல் யாழ்ப்பாணத்தில் நான்காம் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை முன்னின்று நடத்திய சு. வித்தியானந்தன், அதற்கு முந்திய பத்தாண்டில் பேராதனையில் கர்ணன் போர், இராவணேசன் முதலிய கூத்துகளைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றியபோது, விடிய விடிய ஆடிய கூத்து சுருங்கிய நேரத்துக்குள் அடங்கியது. ஆடுவோர் யார் என்பதும் மாறியது. அம்மாணவருள் ஒருவராகிய சி. மௌனகுரு பின்னர் இம்மரபின் முதன்மை ஆய்வாளரானார். தேர்வின் அளவுகோலை மாற்றினால் கலையின் வாழ்நாள் நீளலாம் என்பதற்கு இது சான்று.

3. கட்டியங்காரன்: கேட்டு நடத்துதல்

வட தமிழகத் தெருக்கூத்தில் வாத்தியார் குழுவின் தலைவர். ஆனால் இரவு முழுவதும் ஆட்டத்தின் ஓட்டத்தை அவையோர் கண்முன் கையாள்பவன் கட்டியங்காரன். பிடித்த திரைக்குப் பின் நிற்கும் வேடதாரியை அவன் வரவேற்கிறான்; தாங்கள் யார், எந்த நாட்டுக்கு உரியவர், எதற்காக வந்தீர்கள் என்று வினவுகிறான். வேடதாரி அவ்வினாக்களுக்கு விடை கூறுவதன் வழியே பாத்திரமாகிறான். தூதன், சேவகன், வழிப்போக்கன் என வேண்டிய சிறு பாத்திரங்களையும் கட்டியங்காரனே ஏற்கிறான். அவையோருக்குத் தெரிந்த அன்றாடச் செய்தியை அரசவைக்குள் நுழைத்து நகைக்க வைப்பவனும் அவனே.

மேசை வேடவாட்டத்தை நடத்துபவருக்கு இவனைவிட நெருங்கிய உறவினர் தமிழ் மரபில் இல்லை. உலகின் சிறு பாத்திரங்கள் அனைத்தும் ஒருவரிடம் இருப்பது, ஆடுபவரின் பாத்திரம் வினாக்களால் வெளிக்கொணரப்படுவது, நடத்துபவர் ஆட்டத்துக்கு உள்ளும் வெளியும் மாறி மாறி நிற்பது ஆகிய மூன்றும் இருவருக்கும் பொது. கட்டியங்காரன் அரசனுக்குச் சேவகன். ஆயினும் அவன் அழைக்காமல் அரசன் திரையை விட்டு வெளிவர இயலாது. பணிவின் வடிவில் செயல்படும் இந்த அதிகாரமே நல்ல நடத்துநரின் அதிகாரம். அமெரிக்க ஆட்டக் குழுக்களை ஆராய்ந்து சமூகவியலாளர் கேரி ஆலன் ஃபைன் 1983இல் வெளியிட்ட நூலும், நடுவரின் வரம்பற்றதாகத் தோன்றும் அதிகாரம் நடைமுறையில் ஆட்டக்காரரின் இசைவைச் சார்ந்தே நிற்பதைக் காட்டுகிறது. பயிலும் நடத்துநருக்கு விதிநூலின் அட்டவணையைவிட, கட்டியங்காரன் கேட்கும் வினாக்கள் மிகுதியாகக் கற்பிக்கும்.

4. ஸ்பெஷல் நாடகம்: நடத்துநர் இல்லாத ஆட்டம்

மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி வட்டாரங்களில் இன்றும் ஆடப்படும் ஸ்பெஷல் நாடகம் மூன்றாவது முறை. இராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ் என ஒவ்வொரு கலைஞரும் தனித்தனியே அமர்த்தப்படுகின்றனர். வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து அன்றிரவு மேடையருகே ஒன்றுகூடுகின்றனர். ஒத்திகையும் இல்லை, இயக்குநரும் இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்தளித்த வள்ளி திருமணம் போன்ற நாடகங்களின் பாட்டும் காட்சி வரிசையும் அனைவருக்கும் மனப்பாடம். அந்த எல்லைக்குள் நாரதருக்கும் வள்ளிக்கும் இடையிலான தர்க்கம் ஒவ்வோர் இரவும் புதிதாகப் பிறக்கிறது. சூசன் சைசர் 2005இல் வெளியிட்ட ஆய்வு நூல் இக்கலைஞர்களின் வாழ்வையும் அவர்கள் சுமக்கும் சமூக இழிவையும் விரிவாகப் பதிவு செய்துள்ளது.

நடத்துநர் இல்லாத ஃபியாஸ்கோ போன்ற ஆட்டங்களைப் புதுமை எனக் கொண்டாடுவோர் இங்கு ஒன்றைக் கருத வேண்டும். ஸ்பெஷல் நாடகத்தில் நடத்துநர் இல்லாமல் ஆட்டம் நடப்பதற்குக் காரணம், நடத்துதல் அனைவரின் நினைவிலும் பகிர்ந்து வைக்கப்பட்டிருப்பதே. ஆர்மோனியக் கலைஞர் ஒரு சுருதியைத் தொட்டவுடன் அடுத்து எது என்று எல்லாரும் அறிவர். பொதுவான நினைவு இல்லாதோர் கூடும் மேசையில் நடத்துநரை நீக்கினால், உரக்கப் பேசுபவரே நடத்துநர் ஆகிவிடுவார். மொழியறிவு சமமாக இல்லாத குழுவில் இது பெருந்தீங்கு.

5. எதைத் தேர்வது?

தெருக்கூத்தில் தேர்வுக்குத் தெளிவான அடிப்படை உண்டு. ஒருவர் இறந்தபின் நடக்கும் சடங்கையொட்டிக் கர்ண மோட்சம் ஆடப்படுகிறது. மழை வேண்டி விராட பருவம் படிக்கப்படுகிறது. திரௌபதி அம்மன் விழாவில் பாரதம் பகுதி பகுதியாக வளர்ந்து, துரியோதனன் படுகளத்திலும் தீமிதியிலும் நிறைவுறுகிறது. எந்தக் கூத்து சிறந்தது என்ற கேள்வியை ஊர் கேட்பதில்லை. எந்த நிகழ்வுக்கு, யார் முன்னிலையில், எந்தத் தேவைக்கு என்றே கேட்கிறது.

மேசை வேடவாட்டம் பற்றிய ஆங்கில மதிப்புரைகளில் இக்கேள்வி அருகியே ஒலிக்கிறது. விதிகளின் நேர்த்தியும் படங்களின் பொலிவும் அங்கு மிகுதியாக எடைபோடப்படுகின்றன. கூடுவோர் யார், அவர்களுக்கு எத்தனை மணி நேரம் உண்டு, எந்த மொழியில் பேசுவர், எதைப் பேச அஞ்சுவர் என்பன தேர்வின் முதல் வினாக்களாக இருத்தல் வேண்டும். கடைசி வினாவுக்குப் புதிய ஆட்டக் குழுக்கள் ஒரு நல்ல வழக்கத்தை உருவாக்கியுள்ளன. மேசையில் ஓர் அட்டை வைக்கப்படுகிறது. எவரேனும் அதைத் தொட்டால், காரணம் கேட்காமல் அக்காட்சி கைவிடப்படுகிறது. அண்ணாவியாரிடம் இத்தகைய மறுப்புக்கு இடம் இருந்ததில்லை.

6. தாகேதா: ஒரு சோதனைக் களம்

யாங்கோன் நகரின் கிழக்கே, பசுண்டவுங் ஓடைக்கு அப்பால் அமைந்த தாகேதா, 1958–60இல் ஆண்ட நே வின் தலைமையிலான காபந்து அரசு, வடக்கு ஒக்கலாப்பா, தெற்கு ஒக்கலாப்பா ஆகியவற்றுடன் உருவாக்கிய புதுநகர். நகர நடுவே குடிசையிட்டு வாழ்ந்தோரை வரைபடத்தின்படி மனை பிரித்துக் குடியமர்த்திய இடம் அது. கூத்து ஓர் ஊரை முன்கொள்கிறது. வரி பிரிக்கவும் அண்ணாவியாரை அழைக்கவும் சட்டம் கொடுக்கவும் ஊர் வேண்டும். திட்டமிட்டு வகுக்கப்பட்ட புதுநகரில் அத்தகைய ஊர் தானாக அமைவதில்லை.

இதனோடு பர்மியத் தமிழரின் வரலாற்றையும் சேர்த்துக் காண வேண்டும். 1942இல் பெருந்திரளானோர் கால்நடையாக வெளியேறினர். 1962ஆம் ஆண்டின் ஆட்சிக் கவிழ்ப்பையும் 1964ஆம் ஆண்டின் வணிக நாட்டுடைமையையும் அடுத்து மேலும் பல்லாயிரவர் தமிழகம் திரும்பினர். தனியார் பள்ளிகள் நாட்டுடைமையானபின் தமிழ்க் கல்வி கோயிலையும் தன்னார்வ வகுப்புகளையும் சார்ந்ததாயிற்று. தீமிதி விழாக்கள் நின்றுவிடவில்லை. தமிழ் எழுத்தறிவே தளர்ந்தது. 2021 பிப்ரவரிக்குப் பின் யாங்கோனில் இரவு ஊரடங்கு நிலவிய காலத்தில், விடியும்வரை ஆடும் எந்தக் கலைக்கும் இடமில்லாமல் போயிற்று.

இத்தகைய சூழலில் பகலில் இரண்டு மணி நேரம், ஐந்து பேர், ஒரு மேசை என்னும் அளவு சிறுமையன்று, அதுவே இயலக்கூடியது. கூத்துப் பாட்டைப் பர்மிய எழுத்தில் எழுதி, பொருள் அறியாமலே மனப்பாடம் செய்து பாடிவிட முடியும். மேசை வேடவாட்டத்தில் அது இயலாது. ‘காவலன் உன்னைத் தடுக்கிறான், என்ன சொல்கிறாய்?’ என்று நடத்துபவர் கேட்டால், ஆடுபவர் தம்மிடம் உள்ள தமிழைக் கொண்டே விடை சொல்ல வேண்டும். விடை எவ்வளவு உடைந்த தமிழில் இருந்தாலும் கதை அதனால் நகர்கிறது. மொழியை இழந்துவரும் தலைமுறைக்கு, தன் சொல்லால் ஒன்று நிகழ்ந்தது என்ற பட்டறிவு வேறு எந்தப் பாடநூலிலும் எளிதில் கிட்டாது.

ஆனால் அங்கு அண்ணாவியாரின் திருத்தும் குரலுக்கு இடமில்லை. வல்லின மிகுதலைத் திருத்த ஆட்டத்தை நிறுத்தும் நடத்துநர், ஐந்து பேரையும் பர்மிய மொழிக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். தவறான சொல்லுக்கு விடையாகச் சரியான சொல்லைத் தன் பாத்திரத்தின் வாயிலாகச் சொல்லிக் கடந்துபோகும் கட்டியங்காரனே அங்கு வேண்டும். பல நூறு பக்க ஆங்கில விதிநூலும் அங்கு பொருந்தாது. வாய்மொழியாகச் சொல்லி முடிக்கத்தக்க விதிகளே போதும். கூத்துக்கும் விதி அவ்வாறே கைமாறியது.

பெற்றோர் பகடையைக் கண்டு தயங்குவர் என்பதும் எதிர்பார்க்கத்தக்கதே. திருக்குறள் சூதுக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியது. பாரதத்தில் நாடு போனது பகடையால். மேசையாட்டத்தில் பணயம் எதுவும் இல்லை, பகடை ஐயத்தைத் தீர்க்க மட்டுமே உருள்கிறது என்பதை நடத்துநர் முதல் நாளே விளக்குதல் நன்று.

ஆடுவதற்குரிய கதையாக விராட பருவத்தைவிடப் பொருத்தமானது காண்பது அரிது. படுகளத்தின் முடிவை மாற்ற இயலாது. மாற்றினால் அது பாரதமன்று. கரந்துறையும் ஓராண்டு அவ்வாறன்று. ஆறு பேர் பெயரும் தொழிலும் மாற்றி ஓர் அரசவையில் வாழ்கின்றனர். ஒருவர் சமையற்காரர், ஒருவர் நாட்டியம் கற்பிப்பவர், ஒருவர் குதிரை காப்பவர், ஒருவர் ஆநிரை மேய்ப்பவர், ஒருவர் அரசனுடன் சூதாடும் துணைவர், ஒருத்தி அரசியின் பணிப்பெண். யாரென்று வெளிப்படாமல் ஆண்டைக் கடத்த வேண்டும் என்பது மட்டுமே உறுதி. அந்நாட்கள் எவ்வாறு கழிந்தன என்பது ஒவ்வொரு மேசையிலும் புதிதாக அமையலாம். கீசகன் வரும் இடத்தில் முன்சொன்ன அட்டைக்குத் தேவை எழும் என்பதையும் நடத்துநர் மறக்கலாகாது. பள்ளியில் ஒரு பர்மியப் பெயரும் வீட்டில் ஒரு தமிழ்ப் பெயருமாக வளரும் பிள்ளைகளுக்கு, பெயரை மறைத்து வாழும் அறுவரின் கதை விளக்கவுரை இன்றியே புரியும்.

நிறைவுரை

நடத்துபவருக்கு அண்ணாவியாரின் தேர்வுக் கண்ணும், கட்டியங்காரனின் கேட்கும் வாயும், ஸ்பெஷல் நாடகக் கலைஞரின் பகிர்ந்த நினைவும் வேண்டும். அண்ணாவியாரின் சாதிக் கணக்கும் திருத்தும் குரலும் வேண்டா. நடுவர் என்ற பெயர் தீர்ப்பை மட்டும் நினைவூட்டுவதால், கட்டியர் என்னும் பெயரைத் தமிழ் வழக்குக்குக் கருதலாம். அரசரை அறிவித்துவிட்டு ஒதுங்கி நிற்பது கட்டியத்தின் இயல்பு. மேசையில் அமர்ந்திருக்கும் ஐவரையும் அவ்வாறு அறிவித்து, அவர்கள் பேசுவதற்கு இடம் விடுபவரே அப்பெயருக்கு உரியவர். வாய்மொழியில் அடங்கும் ஒரு விராட பருவ ஆட்டத்தைத் தமிழில் அமைத்து, கோயில் வகுப்புகளின் கையில் கொடுப்பது கூத்தறிஞரும் மொழி ஆசிரியரும் இணைந்து செய்யத்தக்க பணி. அதற்கு நிதியும் அரங்கும் பெரிதாக வேண்டா. ஒரு மேசையும் இரண்டு பகடையும் கேட்கத் தெரிந்த ஒருவரும் போதும்.